ரிப்பன் அறுந்த புதன்கிழமை

சிஸ்டர், புதன்கிழமை இருட்டிய பிறகு, ஏழு மணிக்குக் கொஞ்சம் மேலே, எங்கள் கூடத்து ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நனைந்த போர்வையைத் துவைகல்லில் ஒரே ஒரு தடவை ஓங்கி அறைந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நான் அடுக்களையில் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். பாப்பா அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஏழு மாதம்தான் ஆகிறது. ஆனால் சத்தம் கேட்டால் முதலில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அதற்குள் தெரிந்துவைத்திருக்கிறாள்.

நான் யாரென்றே சொல்லவில்லை பாருங்கள். ஜெனிற்றா. தூத்துக்குடியில் ஒன்பதாவது ‘பி’, உங்கள் வகுப்பு. கொயரில் இரண்டாவது வரிசை, ஆல்ட்டோ குரல். நாளைக் காலை பத்து மணிக்கு ஹாஸ்டல் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மாதா பாடல் பதிவு செய்ய வருகிறீர்களே, வளசரவாக்கத்தில் இரண்டாவது மாடி, அந்த ஸ்டுடியோ என் வீடுதான். நீங்கள் போனில் பேசிய கிளிட்டஸ் என் கணவர். “உங்க மிசஸ் எங்க ஸ்கூல் பிள்ளையாமே, எப்படி இருக்கா?” என்று நீங்கள் கேட்டீர்களாம். “நல்லா இருக்கா சிஸ்டர்” என்று அவர் சொன்னாராம். நல்லாத்தான் இருக்கிறேன்.

இப்போது நான் எழுத வேண்டியது இந்தக் கடிதம் இல்லை. வடபழனி பக்தவத்சலம் சாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அவரிடமிருந்து உங்கள் பாட்டுக்காக வாடகைக்கு எடுத்த பழைய மைக்கை நான் உடைத்துவிட்டேன் என்று. “ஒன் கான்வென்ட் கையெழுத்துல அழகா எழுதி வையி, விடியும்போது மேசையில இருக்கணும்” என்று சொல்லிவிட்டு இன்று, வியாழக்கிழமை, ஒன்பதரைக்கே படுத்துவிட்டார். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று மூன்று தடவை எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. மூன்று தாளையும் கிழிக்கவில்லை, மடித்து வைத்தேன். கிழித்தால் சத்தம் வரும். பிறகு நாலாவது தாளில் ‘சிஸ்டர்’ என்று எழுதிவிட்டேன்.

நேரில் சொல்லலாமே என்பீர்கள். நாளைக்கு அவர் பக்கத்திலேயே இருப்பார். மைக் இருக்கும். நீங்கள் வருவதற்குள் பாப்பாவும் இருக்க மாட்டாள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். என் நாத்தனார் ரோசிலி அக்கா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்குவார். வந்து குளித்துவிட்டு எட்டு மணிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பால்பொடி இரண்டு டின் வாங்கி வைத்தாயிற்று. பாப்பா புட்டியை வாயில் வைப்பதில்லை, சிஸ்டர். நாக்கால் தள்ளிவிடுகிறாள்.

கிளிட்டஸ் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள்கூட என்மேல் கையை ஓங்கியதில்லை. குடிப்பதில்லை. வேறு பெண் சகவாசம் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அமைதி. ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் அமைதியைக் கேட்பது தப்பா? கூடத்தில்தான் பதிவு. அதனால் காலிங்பெல் வயரை எடுத்துவிட்டார். குக்கர் விசில் கூடாது, சோறு வடித்துத்தான். பாப்பாவுக்கு அம்மா போட்டனுப்பிய கொலுசு அலமாரியில் இருக்கிறது. கிலுகிலுப்பையும் அங்கேதான். ஜன்னல்களில் எல்லாம் கருப்பு ஸ்பாஞ்ச். என் போன் அவர் பையில் இருக்கிறது, சிக்னல் வரும்போது மைக்கில் ‘டிக் டிக் டிக்’ என்று விழும் என்பதால். பதிவு முடிந்ததும் கேட்டால் தருவார். கேட்க வேண்டும். கேட்டால், “யார்கூடப் பேச?” என்பார். அம்மாவோடு என்றால் தருவார். பக்கத்திலேயே இருப்பார். அம்மா, “அனுசரிச்சுப் போட்டி, கைக்குழந்தைய வச்சிருக்க” என்பாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவார். விலை உயர்ந்த சாமான்கள் இருக்கிற வீடு.

இந்த மைக் விஷயத்தை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். எனக்கே புத்தகம் வாசித்துத்தான் தெரியும். கிளிட்டஸ் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் எட்டு வருடம் வயர் பிடித்து, ஸ்டாண்ட் தூக்கி, காதால் தொழில் படித்தவர். இங்கிலீஷ் வராது. அதனால் மைக்கோடு வரும் புத்தகங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். பாப்பா வயிற்றில் இருந்தபோது, போன வருடம் மழை தொடங்கியதிலிருந்து கிறிஸ்மஸ் வரை, தினமும் சாயங்காலம் அதுதான் எங்களுக்கு வேலை. அவர் என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து வீங்கிய பாதத்தைப் பிடித்துவிடுவார். நான் வாசிப்பேன். அந்த மூன்று மாதத்தை நினைத்துத்தான் நான் இன்னும் இவரை ‘அவர் நல்லவர்’ என்று எழுதுகிறேனோ என்னவோ.

ரிப்பன் மைக் என்றால் நாம் ஜடையில் கட்டுவோமே, அப்படி ஒரு ரிப்பன்தான். ஆனால் அலுமினியம். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. அதைச் சுருக்கம் சுருக்கமாக மடித்து இரண்டு காந்தத்துக்கு நடுவில் தொங்கவிட்டிருப்பார்கள். நாம் பேசினால் காற்றில் அது ஆடும், அந்த ஆட்டம்தான் குரலாகப் பதியும். நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. பிறகு அமெரிக்காவில், லண்டனில், ரேடியோ முழுக்க இதுதான். குரலை அப்படியே, அழுத்தாமல், கீறாமல் வாங்கும். ஆனால் இரண்டு குறை. ஒன்று, அதன் சத்தம் மிகவும் சின்னது. பல மடங்கு தூக்கிக் காட்ட வேண்டும், தூக்கும்போது கூடவே இரைச்சலும் வரும். இன்னொன்று, பலமாக ஊதினாலே அறுந்துபோகும்.

அப்புறம் வேறு மாதிரி மைக் வந்தது, மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக். அதற்காக உலகத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் மைக் வயருக்குள்ளேயே நாற்பத்தெட்டு வோல்ட் அனுப்ப ஆரம்பித்தார்கள். மிக்சரில், அதாவது மைக் வயர்கள் எல்லாம் வந்து சேருகிற பெட்டியில், ஒரு பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், வயருக்குள் மின்சாரம் போகும். பழைய ரிப்பனுக்கு அது எமன். வயர் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கொஞ்சம் தப்பாக இணைத்தால், ஒரு கணம்தான், ரிப்பன் இழுபட்டு அறுந்துவிடும். அதற்குப் பயந்தே பல பேர் ரிப்பனை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு உள்ளேதான் யாருக்கோ ஒரு யோசனை. ரிப்பன் மைக்குக்கு உள்ளேயே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன மின்சுற்று ஒன்றை வைத்து, அந்தச் சுற்றுக்கு இதே நாற்பத்தெட்டு வோல்ட்டைச் சாப்பாடாகக் கொடுத்துவிட்டார்கள். எது கொல்லுமோ அதைத் தின்று பிழைக்கிற மைக். நான் இதை வாசித்துத் தமிழில் சொன்னபோது கிளிட்டஸ் பாதத்தைப் பிடித்த கையை எடுக்காமலே சிரித்தார். “கெட்டிக்காரன்டி எவனோ. வாங்குதோம். பிள்ள பொறந்ததும் வாங்குதோம்” என்றார். வாங்கினார். வந்த அன்று அதை மாட்டி, ஹெட்போனை என் காதில் வைத்து, “ஏதாச்சும் பேசு” என்றார். ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன். என் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை போல இருந்தது. அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாக, சிஸ்டர்.

இந்த மாதிரி மைக்குக்கு முகமும் முதுகும் ஒன்று. முன்னால் பாடினாலும் பின்னால் பாடினாலும் ஒரே மாதிரி கேட்கும். பக்கவாட்டில் மட்டும் செவிடு. அதனால்தான் நாளைக்கு உங்கள் பிள்ளைகளை ஆறு ஆறு பேராக எதிரும் புதிருமாக நிறுத்துவார். பக்கவாட்டில் தரையில் கருப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறார். பதிவு நடக்கும்போது நானும் பாப்பாவும் நிற்கிற இடம் அது. பாப்பா வாயைத் திறந்தால் உடனே பால் கொடுத்துவிட வேண்டும். பசிக்கிறதா இல்லையா என்பது அப்புறம்.

சரி. திங்கட்கிழமை பக்தவத்சலம் சார் தானே ஆட்டோவில் அந்தப் பழைய மைக்கைக் கொண்டுவந்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். சினிமாக்காரர்களுக்குப் பழைய மைக் வாடகைக்கு விடுகிறவர்.

“தம்பி, இவன் கெழவன். என்னைவிட மூணு வயசு மூத்தவன். மூணே மூணு விஷயம். மூஞ்சில ஊதாத, படுக்க வைக்காத, கரண்ட் காட்டாத.”

“சார், எனக்குத் தெரியாதா சார்?”

“தெரியும்னு சொன்னவன்தாம்பா போன தடவை ரெண்டு பேரைக் கொன்னான்.” பிறகு பாப்பாவைப் பார்த்து, “இந்த அம்மாதான் சவுண்ட் இன்ஜினியரா? எல்லாம் சரியாக் கேக்குதா மேடம்?” என்றார். பாப்பா அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். எல்லாரும் சிரித்தோம். அவர் போனதும் கிளிட்டஸ், “வீட்டுக்கு வந்த ஆளு முன்னாடி அப்படிச் சத்தமாச் சிரிக்கணுமா?” என்றார். சத்தமாகச் சிரித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

அன்று ராத்திரி புது மைக்கின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பழைய ரிப்பனும் புது ரிப்பனும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. புதியதற்கு மின்சாரம் வேண்டும், பழையதற்குக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, குறிப்பாகத் துளைப் பலகையில் வயரைப் பிடுங்கிக் குத்தும்போது, முதலில் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் சுவரில் அப்படி ஒரு துளைப் பலகை இருக்கிறது, எந்த வயரை எதில் வேண்டுமானாலும் குத்திக்கொள்ள.

“இத எனக்கா வாசிக்க?” என்றார். “எட்டு வருசம் வயர் புடிச்சவன்டி நான். நேத்து கான்வென்ட்ல இருந்து எறங்கி வந்தவ எனக்குப் பாடம் எடுக்கா.”

“இல்லீங்க, போட்டிருக்கு, அதான்.”

“போட்டிருக்கட்டும். மூடி வையி.”

மூடி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கூடத்தைத் துடைத்தேன். ஸ்டாண்டில் இருந்த கிழவனையும் மஞ்சள் துணியால் ஒற்றினேன். அவர்தான், “தூசி இருக்கு, தொட” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

புதன்கிழமை அந்தச் சத்தம் வந்ததும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்து நிலையில் வந்து நின்றேன். கிளிட்டஸ் துளைப் பலகைக்கு முன்னால் வயர் முனையைப் பிடித்தபடி நின்றார். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்ல. உள்ள போ.”

போகவில்லை. அவர் கிழவன் முன்னால் போய் விரலைச் சொடுக்கினார். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி சொடுக்கினார். “ஹலோ” என்றார். அவர் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. அதற்குள் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“நேத்து இத என்ன செஞ்ச?”

“தொடச்சேன்.”

“எப்படித் தொடச்ச?”

“மஞ்சத் துணியால.”

“ஊதுனியா?”

நான் யோசித்தேன். தூசி துடைக்கும்போது எல்லாரும் ஊதத்தானே செய்வோம். “தெரியலீங்க. ஊதியிருப்பேனோ என்னவோ.”

“என்னவோவா? ஊதுனியா, ஊதலியா? ஒண்ணு சொல்லு.”

பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊதியிருப்பேன்.”

“அவ்வளவுதான்,” என்றார். “செத்தான் கெழவன்.”

கத்தவில்லை, சிஸ்டர். எனக்கே ஆச்சரியம். நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். “சரி, ஒத்துக்கிட்டல்லா, அது போதும்” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உங்களுக்கு நினைவிருக்காது. ஒன்பதாவதில் கொயர் அறையில் ஆர்கன் மூடி பிளந்துகிடந்தபோது, யார் என்று கேட்டீர்கள். ஒத்துக்கொள்கிறவளுக்குப் பாதித் தண்டனை என்றீர்கள். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். நான் அதைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் எல்லாரும் முழங்காலில் நிற்பதற்கு நான் ஒருத்தி பாதி நேரம் நின்றால் முடிந்துவிடும் என்று தோன்றியது. நீங்கள் என் தலையில் கைவைத்து, “தைரியசாலி” என்று சொன்னீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அன்று ராத்திரியே ரோசிலி அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார், என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று.

“அக்கா, இவளே சொல்லிட்டா, இவதான் ஒடச்சிருக்கா. பிள்ளையையும் பாத்துக்கிட்டு சாமானையும் பாத்துக்க இவளுக்குக் காணாது.”

“நான் அன்னைக்கே சொன்னேம்லா? படிச்ச பிள்ள படிச்ச பிள்ளன்னு குதிச்ச. இங்கிலீஷ் படிச்சா கைக்கு நிதானம் வந்துருமா? பிள்ளையப் போட்டு ஒடைக்கிறதுக்குள்ள எங்கிட்டக் குடு.”

“அதான். வியாழக்கெழம பஸ் ஏறு. வெள்ளி காலைல கூட்டிட்டுப் போயிரு.”

“எத்தன நாளைக்கிடே?”

“இந்த ஆல்பம் முடியட்டும்.”

“முடிஞ்சா இன்னொண்ணு வருமே?”

“அப்பப் பாப்போம்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “ஒனக்கும் ரெஸ்ட்டுதானே?” என்றார். தலையாட்டினேன். பாதித் தண்டனை என்றுதான் அப்போதும் நினைத்தேன். மீதிப் பாதி எது என்று யோசிக்கவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்துவிட்டார். மணி மூன்றரை. தாளின் மேல் ‘மதிப்பிற்குரிய ஐயா’வை எடுத்து வைத்துக்கொண்டேன். “இன்னுமா எழுதுத?” என்றார். “திருத்தி எழுதுறேன்” என்றேன். “தேதி கிழமையெல்லாம் சரியாப் போடு. என்னைக்கு, எப்ப ஒடைஞ்சுதுன்னு சார் கேப்பாரு” என்று சொல்லிவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு, வெளியே பூட்டிவிட்டு, கிளாம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டார்.

தேதி கிழமை சரியாகப் போட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். போடத்தான் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலை நான் துடைத்தேன். ஊதினேன் என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாய் காலையில் அறுந்த ரிப்பன். இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் கிழவனை வைத்து ஒரு சோதனைப் பதிவு செய்தோமே? உங்கள் பாட்டுகளின் முதல் வரிகளை என்னை வாசிக்கச் சொன்னார். நடுவில் பாப்பா இருமினாள் என்று கோபித்துக்கொண்டார். அறுந்த மைக்கில் இருமல் எப்படி விழும்?

பிறகு ஒரு காரியம் செய்தேன், சிஸ்டர். அவர் இல்லாதபோது நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும். ஒவ்வொரு பதிவுக்கும் கிழமையும் மணியும் அதுவே போட்டுக்கொள்கிறது. ‘புதன் 5.40’ இருந்தது. அமுக்கினேன். என் குரல். அந்தக் கிழவன் மைக்கில் என் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ‘ஒன்று, மரியே வாழ்க. இரண்டு, கடலோரத் தாயே.’ பாப்பாவின் இருமல். அவர், “ச்சே, பிள்ளையக் கொண்டு போட்டி” என்கிறார். பிறகு என் காலடிச் சத்தம் போகிறது. போன பிறகு, நான் கேட்காத ஒன்று. தனக்குத்தானே, திருப்தியாக, மைக்குக்குப் பக்கத்தில் வந்து சொல்கிறார்: “கெழவன் ஜம்முன்னு இருக்கான்.”

அதை நாலு தடவை கேட்டேன்.

அடுத்தது ‘புதன் 7.10’. அதில் யாரும் பேசவில்லை. அந்தப் போர்வை அறைகிற சத்தம். பிறகு நிசப்தம். நிசப்தத்துக்குள்ளே ஏதோ மெல்லிய நூல் தொங்கி ஆடுகிற மாதிரி கரகரப்பு. அதற்கும் கீழே, எங்கேயோ ஆழத்தில், “ஒண்ணுமில்ல, உள்ள போ.”

சிவப்பு விளக்கை அணைக்காமல் கிழவன் வயரைப் பிடுங்கிப் புது மைக்கின் துளையில் குத்தியிருக்கிறார். நான் திங்கட்கிழமை ராத்திரி வாசித்த அதே பக்கம். அந்தச் சத்தம் வந்த கணத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். காதால் தொழில் படித்தவர். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, “நேத்து இத என்ன செஞ்ச?” என்று கேட்டிருக்கிறார்.

சிஸ்டர், எனக்குக் கோபமே வரவில்லை. வந்தது வேறு. வாடகை மைக்கைத் தான் உடைத்தேன் என்று சொல்ல அவருக்குப் பயம், எனக்குப் புரிகிறது. என்னிடம், ‘ஜெனி, எனக்காக நீ சொல்லு’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சந்தோஷமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் நான் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே, நான் செய்தேன் என்பதைக் காரணமாக வைத்துப் பாப்பாவை அனுப்புகிறாரே. அப்படியென்றால் காரணம் மைக் இல்லை. மைக் உடையாமல் இருந்தாலும் ஏதோ ஒன்று உடைந்திருக்கும். நானும் எழுந்து நின்றிருப்பேன்.

தப்பித்துப் போக முடியாது, வெளியே பூட்டு. கத்தலாம். ஜன்னல் எல்லாம் ஸ்பாஞ்ச். போன் அவரோடு போயிருக்கிறது. இந்த வீட்டில் என்னால் செய்யக்கூடியது என்ன என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். மூன்றே அறைதான், சீக்கிரம் முடிந்துவிட்டது. கடைசியில் வாசல் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். அதில் மேலே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, வீடு கட்டும்போது வைத்தது. நாங்கள் வந்தபிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. தெருச் சத்தம் வரக்கூடாது என்று அவர் நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியபோது தாழ்ப்பாள் போய் விழுகிற துளையையும் சேர்த்து மூடிவிட்டார்.

காய் நறுக்குகிற கத்தியால் அந்த இடத்தில் மட்டும் அறுத்தேன். பட்டை தடிமன், பசை வேறு. துளைக்குள் ஸ்பாஞ்ச் அடைத்திருந்தார். அதை ஹேர்பின்னால் நோண்டி நோண்டி எடுத்தேன். அரை மணி நேரம் ஆகிவிட்டது. கீழ்ப்பக்கம் கதவுக்கும் தரைக்கும் நடுவிலும் பட்டையை எடுத்துவிட்டேன், இந்தக் கடிதம் நுழைகிற அளவுக்கு. உடனே வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வந்தது. பால் வண்டி. மசூதியிலிருந்து பாங்கு. கீழ்வீட்டு அக்கா தண்ணீர் மோட்டாரைப் போடுகிறார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இங்கே பாங்கு கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் தாழ்ப்பாளைப் போடவில்லை. கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். புருஷன் வெளியே நிற்கப் பொண்டாட்டி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதா? அம்மா என்ன சொல்வாள்? நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவர் தாழ்ப்பாளைப் பார்த்து என்ன நினைப்பார்? ரப்பரை அறுத்ததற்கு என்ன சொல்வார்? இதை எல்லாம் நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பாப்பா மடியில் பால் குடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். பேனா பிடித்த கையைத்தான் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். மன்னிக்கவும்.

பிள்ளைகளோடு நீங்கள் படியேறுகிற சத்தம் கேட்டதும் இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். வாசித்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கதவுக்கு வெளியே நின்று, யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் குரல் எனக்குத் தெரியும். வேறு யார் கூப்பிட்டாலும் நான் திறக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதிவிட்டேன். உண்மையா என்று இனிமேல்தான் தெரியும். என்னையும் பாப்பாவையும் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளோடு சேர்த்து உங்கள் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாட்டு இன்னொரு நாள் பாடலாம். கம்ப்யூட்டரில் ‘புதன் 5.40’ இருக்கிறது, அவர் அழிக்காவிட்டால். அழித்துவிட்டாலும் நான் சொல்வதை நம்புங்கள். ஆர்கன் மூடியையும் நான் உடைக்கவில்லை.

பைக் சத்தம். எங்கள் தெருவில் இரண்டு பைக் இப்படி இருமும், மற்றது கறிக்கடைக்காரருடையது. கறிக்கடைக்காரர் இவ்வளவு சீக்கிரம் வரமாட்டார். கேட் திறக்கிறது. ரோசிலி அக்கா குரல்: “லிஃப்ட் கெடையாதா? இத்தன படி ஏறியா குடும்பம் நடத்துத?” அவர் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். செருப்புச் சத்தம் முதல் மாடிக்கு வந்துவிட்டது. பாப்பா கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்க்கிறாள்.

பேனாவை வைக்கிறேன், சிஸ்டர்.

வந்துவிட்டேன். அவர் பூட்டில் சாவியைப் போட்டபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பாப்பா இடுப்பில் இருந்தாள், ஒற்றைக் கைதான். தாழ்ப்பாள் துருவேறி அசையவே இல்லை. அங்கே பூட்டு திறந்துகொண்டது. பாப்பாவைத் தரையில் உட்காரவைத்துவிட்டு இரண்டு கையாலும் தொங்கினேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது, இந்தத் தாளில் இருக்கும் கறை அதுதான். அவர் தள்ளுகிறார். “என்னட்டி இது? ஏ ஜெனி, கதவு சிக்கிக்கிட்டா?” ரோசிலி அக்கா, “உள்ள தாப்பாள் போட்டிருக்காளோ என்னவோ” என்கிறார். “அவளா? அவ போட மாட்டா,” என்கிறார் அவர்.

போட்டுவிட்டேன்.